பக்கத்துக் கடைக் கப்பலும் தொரட்டிக் கம்பு ஆட்டமும்

கோவில்பட்டிக்குக் கடல் கிடையாது. ஆனால் கப்பல் உண்டு. கரிசல் மண்ணில் ஓடுகிற கப்பல் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். தினமும் காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, என் கடைக்குப் பக்கத்துக் கடை ஷட்டரைக் கடகடவென்று தூக்கும். தூக்கின கையோடு வாயையும் திறக்கும். ஷட்டர் சாயங்காலம் மூடும். வாய் மூடாது.

அது இது என்கிறேனே என்று கோபப்பட வேண்டாம். கப்பல் ஒரு பெண்பிள்ளை. வயது இருபத்துமூன்று. பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் டிசைனர். அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர் என்பதால் அவர்கள் வீடு ஊரில் கப்பல் வீடு. அந்த வீட்டுப் பிள்ளை கப்பல். ஆதார் அட்டையில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதை நான் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எனக்கு மைக் செட் கடை. அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன் என்று சொன்னால் அது வாத்தியார்களுக்குச் செய்கிற துரோகம். அஞ்சாம் வகுப்பு வரை உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ'யில் முடிந்துவிடும். இத்தனை வருஷத்தில் நாலு தேவைப்பட்டதில்லை.

கப்பலிடம் போர்டு அடிக்க வருகிறவர்கள் முதலில் சந்தோஷமாகத்தான் வருவார்கள். ஒரு தடவை காதுகுத்துக்கு ஒருத்தர் வந்தார். கையில் போட்டோக் கட்டு. தாய்மாமன், தாய்மாமனின் சிநேகிதர்கள், அந்தச் சிநேகிதர்களின் பைக், எல்லாம் இருந்தது. பின்னால் ஒரு சிங்கம் வேண்டும் என்றார். கப்பல் கட்டைப் புரட்டிப் பார்த்தது.

"மாமா, இதுல பிள்ளையப் பெத்தவ மொகம் எங்க?"

"அவளுக்கு எதுக்கும்மா போர்டுல? வீட்டுல தான இருக்கா."

"சிங்கம் காட்டுல தான இருக்கு. அத எதுக்கு ரோட்டுக்குக் கொண்டு வாரீங்க?"

வந்தவர் என் கடைப் பக்கம் திரும்பி, "என்னவே இது?" என்றார். நான் ஒயரைச் சுற்றுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன். கடைசியில் அந்தப் போர்டில் சிங்கம் இருந்த இடத்தில் பிள்ளையின் அம்மா இருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் அம்மா படம் இல்லாமல் ஒரு போர்டு வெளியே போனதில்லை. ஓனர் இரண்டு தடவை வேலையை விட்டு நிறுத்தினார். நிறுத்தின அன்றைக்கே வாடிக்கையாளர்கள் வந்து, "அந்தச் சண்டைக்காரப் பிள்ள எங்க?" என்று கேட்டதால் இரண்டு தடவையும் மறுபடி சேர்த்துக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. தான் செய்கிற எல்லாப் போர்டிலும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சூரியன் வைப்பாள். கல்யாணமா, கருமாதியா, கவலையே கிடையாது. எட்டுக் கதிர் வைத்த மஞ்சள் சூரியன். ஒரு நாள் ஒரு கட்சிக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் தலைவரின் பிறந்தநாள் போர்டில், தலைவரின் காதுக்குப் பக்கத்தில் சூரியன்.

"யாருட்டம்மா காசு வாங்குன? எங்க போர்டுல எப்படிம்மா இந்தச் சின்னத்த வைக்கலாம்?"

"இது சின்னம் இல்ல அண்ணாச்சி. எங்கம்மா ஊருக் கொடியில உள்ள சூரியன்."

"உங்கம்மா எந்தக் கட்சி?"

"பிலிப்பைன்ஸ்."

அவர் தூக்கிக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "கூட்டணியில இருக்கா?" என்றார்.

ஆம், அவள் அம்மா மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அப்பாவின் கப்பல் துபாய்த் துறைமுகத்துக்குப் போன இடத்தில் பார்த்து, பழகி, முடித்துவிட்டார்கள். கப்பல் பிறந்ததும் துபாயில்தான். அவளுக்குப் பத்து வயதில், பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்த ஊரில் அப்பா வீடு கட்டி, இருவரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி கடலுக்குப் போனார். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு வருஷம் மூன்று விசேஷம் ஆர்டர் இருக்கிறது.

அம்மாவின் சொந்தபந்தம் எல்லாம் நம் புதூர்ப் பக்கத்து ஆட்கள் மாதிரிதான். பிழைக்கப் போகாத ஊர் கிடையாது. சித்தி பிள்ளைகள் துபாயில், பெரியம்மா பிள்ளைகள் இத்தாலியில், இன்னும் கொஞ்சம் பேர் கனடாவில். எல்லாம் கப்பல் வயதுப் பிள்ளைகள். போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூங்காவில் கூடி, தங்கள் ஊர் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள், சுவரில் படம் வரைவார்கள், வீட்டு வேலைக்கு வந்த அம்மாமார்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும் என்று தட்டி பிடிப்பார்கள். கப்பல் அதையெல்லாம் என் மூஞ்சிக்கு நேராக நீட்டும்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, ரோம்ல எப்படி ஆடுதாங்கன்னு. எங்க மொகத்தப் பாத்தாலே பாத்திரம் களுவ வந்தவன்னு நெனச்சாங்களாம். இப்போ கூட்டம் கூடி நின்னு கைதட்டுது."

"நீயும் ஆடேன். யாரு வேண்டாங்கா?"

"எங்கன ஆட? எங்க ஊருலயா? எங்கம்மா பேரே அங்க ஒருத்தருக்கும் தெரியாது."

அது உண்மை. ஊரில் மரிசெலுக்குப் பெயர் 'சீனாக்காரி'. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவர்கள் கணக்கில் கண் சின்னதாக இருந்தால் சீனா, அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் முகமூடி போட்டுத் திரிந்தோமே, அந்த வருஷம், அந்தப் பெயர் வேறு மாதிரி ஆகிவிட்டது. கடையில் சாமான் தர மாட்டேன் என்றார்கள். குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. காய்ச்சல் போய்விட்டது, முகமூடியும் போய்விட்டது. மரிசெல் மட்டும் அதற்குப் பிறகு ஊர்க் கூட்டத்துக்கு வரவே இல்லை. எல்லாரும் பிடித்துப் போன பிறகுதான் தண்ணீருக்குப் போவார். முதலிலிருந்தே அவருக்குப் பேச்சு, பக்கத்து வீட்டில் ஆடு மேய்க்கிற குடும்பத்தோடு மட்டும்தான்.

கப்பலுக்கு மனசில் இருந்தது இந்த ஒரே காரியம்தான். ஊர் அம்மனுக்குப் புரட்டாசியில் வைக்கிற பொங்கலுக்கு, கோயில் களத்தில், மைக்கில் அம்மா பெயரையும் அம்மா நாட்டையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்மா வந்து ஆட வேண்டும். மரிசெல் சின்ன வயதில் அவர் ஊரில் பேர்போன ஆட்டக்காரியாம். விழாக் கமிட்டித் தலைவரிடம் கேட்கப் போனபோது என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தலைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"வெளிநாட்டு ஆட்டமெல்லாம் அம்மனுக்கு ஆகாது தாயி."

"போன வருசம் டான்ஸ் குரூப்பு ஒண்ணு கூட்டிட்டு வந்தீங்களே பெரியப்பா. அவங்க ஆடுனது மட்டும் அம்மனுக்கு ஆச்சா?"

தலைவர் என்னைப் பார்த்தார். அந்த ஆட்டத்துக்கு மைக் செட் நான்தான். முன்வரிசை அவர்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம். ஆனாலும் முடியாது என்றால் முடியாதுதான்.

கப்பல் விடவில்லை. அனுமதி இல்லாவிட்டால் என்ன, பழகி வைப்போம் என்று சாயங்காலங்களில் ஊர்க் களத்தில் இறங்கிவிட்டாள். ஆட்டத்துக்கு டினிக்ளிங் என்று பெயர். இரண்டு நீளக் கம்புகளைத் தரையில் கிடத்தி, இந்த முனையில் ஒருத்தர், அந்த முனையில் ஒருத்தர் உட்கார வேண்டும். கம்பை இரண்டு தட்டுத் தரையில் தட்டி, மூன்றாவதற்கு ஒன்றோடொன்று மோத வேண்டும். ஆடுகிறவர் அந்தக் கம்புகளுக்கு உள்ளேயும் வெளியேயும் குதித்துக் குதித்து ஆட வேண்டும். வயலில் ஒரு பறவை கண்ணியில் மாட்டாமல் காலைத் தூக்கித் தூக்கி நடக்குமாம், அந்த மாதிரி. அவர்கள் ஊரில் மூங்கில். நம் ஊரில் மூங்கிலுக்கு எங்கே போக? பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி, பெரிய கருப்பசாமியும் சின்னக் கருப்பசாமியும், ஆட்டுக்குக் குழை பறிக்கிற தொரட்டிக் கம்புகளில் அரிவாளைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்தார்கள்.

ஆடுவதற்கு இன்னோர் ஆள் வேண்டும் என்றாள். நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் என் வீட்டுக்காரி கேட்கிறாள். முதல் தட்டுக்கு உள்ளே குதித்தேன். இரண்டாவது தட்டுக்கு, 'அடடே, நமக்கு வருதே' என்று நினைத்தேன். மூன்றாவது மோதலில் என் கணுக்கால் நடுவில் இருந்தது.

"அண்ணாச்சி, கால எடுக்கணும்லா!"

"எடுத்திருப்பேன். எந்தக் காலுன்னு யோசிச்சேன்."

என் கால் பூசணிக்காய் ஆனதும் என்னை ஆட்டத்திலிருந்து அறிவிப்புக்கு மாற்றினாள். நாட்டுக்கு அது நல்லதுதான்.

இதற்கு நடுவில்தான் அந்தக் காரியம் நடந்தது. புரட்டாசியில் எங்கள் பக்கம் எல்லாரும் புழுதியில் உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மழை விழுந்தால் முளைக்கும். விழாவிட்டால் விதை எறும்புக்கு. அந்த வருஷம் மழை இழுத்துக்கொண்டே போனது. ஒரு சாயங்காலம் கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போது, எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு மேகக் கருக்கல் கிளம்பி, சடசடவென்று கொட்டிவிட்டது. அரை மணி நேரம். அடுத்த ஊரில் சொட்டு இல்லை. நாங்கள் கரிசல் சகதியில் செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். என் செருப்பில் ஒன்று இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

மறுநாள் கப்பல் களத்துக்குப் போனால், கம்பு கிடந்த இடத்தில் எலுமிச்சம்பழம், உடைத்த தேங்காய், கொளுத்தின சூடம். தொரட்டிக் கம்புகளுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். கம்பை எடுத்துக் குழை பறிக்கப் போன சின்னக் கருப்பசாமியை, "ஏலே, சாமிக் கம்ப எங்கலே தூக்கிட்டுப் போற?" என்று விரட்டினார்களாம். இரண்டு நாளைக்கு ஆடுகள் பட்டினி. எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் லோடு ஆட்டோ பிடித்து என் கடைக்கே வந்துவிட்டது. "அந்த மழை ஆட்டக்காரப் பிள்ள எங்க ஊருக்கு ஒரு நா வருமா அண்ணாச்சி? சாப்பாடு, வண்டி எல்லாம் போட்டுருதோம்."

கப்பல் உள்ளேயிருந்து கத்தியது: "இது மழை ஆட்டம் இல்ல! எங்க ஆட்டம்!"

"அதத்தாம்மா சொல்லுதோம். ஒங்க மழை ஆட்டம்."

அதற்கடுத்து வந்தவர் சாட்சாத் கமிட்டித் தலைவர். ஊரிலிருந்து பஸ் ஏறி, கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. பிளெக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா கப்பல், பொங்கலுக்கு ஒங்கம்மா ஆடட்டும். கமிட்டியில பேசிட்டேன்."

"வெளிநாட்டு ஆட்டம் அம்மனுக்கு ஆகாதுன்னீங்களே பெரியப்பா?"

"அம்மனே ஒத்துக்கிட்ட பெறகு நான் யாரு தாயி?"

"மழைக்கு ஆட மாட்டோம். எங்கம்மா பேரச் சொல்லி, நாட்டச் சொல்லி மைக்குல கூப்பிடணும். எலுமிச்சம்பழம் வைக்கக் கூடாது. கம்புக்கு மஞ்சள் பூசக் கூடாது. இனிமே ஒருத்தரும் சீனாக்காரின்னு சொல்லக் கூடாது."

"அதுக்கென்ன, செஞ்சிருவோம். ஒங்கம்மா பேரு என்ன?"

கப்பல் மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பதிமூணு வருசமா ஒரே தெரு பெரியப்பா. இப்பத்தான் கேக்கீங்க."

தலைவர் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பார்த்தார். அவரே பிரித்து, அவரே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பொங்கல் நாள் வந்தது. சாயங்காலம் பூஜைக்கு முன்னால் ஆட்டம். வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு துண்டு மேகம் கிடையாது. ஆனால் ஊரே குடையோடு வந்து உட்கார்ந்திருந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட வத்தலை எல்லாம் பெண்கள் அள்ளி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்தர் டிராக்டருக்குத் தார்ப்பாய் மூடிவிட்டு வந்தார். களத்தைப் பார்த்து ஒரு கண் கிடையாது. எல்லாக் கண்ணும் மேலே.

மழை வராவிட்டால் இந்தக் கூட்டம் நாளைக்கு அந்த அம்மாவுக்கு என்ன பெயர் வைக்கும்?

அம்மாவைக் கூட்டி வர வீட்டுக்குப் போன கப்பல் தனியாகத் திரும்பி வந்தாள்.

"வர மாட்டேங்கா அண்ணாச்சி. 'மழை வராட்டி என்னய ஏசுவாவ, வந்தா அம்மன் தந்ததும்பாவ. எனக்கு ரெண்டும் வேண்டாம்ட்டி'ங்கா. கதவச் சாத்திக்கிட்டா."

"அப்போ என்ன செய்ய?"

"நீங்க பேர மட்டும் சொல்லிருங்க. நான் ஆடுதேன். அவ காதுல விழட்டும்."

காதில் விழுவதற்கு நான் பொறுப்பு. குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, அவர்கள் தெரு வேப்பமரத்தில், வீட்டு அடுக்களை ஜன்னலைப் பார்த்துக் கட்டினேன். கம்புக்குப் பக்கத்தில் ஒரு மைக் வைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்து, துபாயில் வேலை பார்த்து, நம்ம ஊருக்கு மருமகளா வந்த மரிசெல் அவர்களுடைய ஆட்டம். ஆடுவது அவர்கள் மகள்." ஒன் டூ த்ரீயைத் தாண்டி நான் மைக்கில் திக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது. கடைசி மூன்று வார்த்தையைத் தவிர மற்றதை முந்தின நாள் முழுக்கக் குளியலறையில் பழகியிருந்தேன்.

கப்பல் ஆடத் தொடங்கினாள். கருப்பசாமிகள் இரண்டு தட்டு, ஒரு மோதல் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் கோயில் மேளக்காரர்கள் சும்மா இருக்க முடியாமல் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் விசிலடித்தது. நம் பையன்களுக்கு மேளச் சத்தம் கேட்டால் கை சும்மா இருக்குமா? கம்பு வேகம் எடுத்தது. கப்பலும் வேகம் எடுத்தாள். எனக்குக் கணுக்கால் வலிக்க ஆரம்பித்தது. "மெதுவாலே!" என்றேன். யார் காதிலும் விழவில்லை. கப்பல் ஒரு காலை எடுக்கப் பிந்தி, கம்பு உரசி, தடுமாறினாள்.

அந்த உரசல் மைக் வழியாக வேப்பமரத்துக்குப் போயிருக்க வேண்டும். தெருமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்பீக்கர் இல்லாமலே களம் முழுக்கக் கேட்டது.

"ஏலே கருப்பா! என்னலே தட்டு தட்டுதீய, பேய் பிடிச்ச மாதிரி? எம்மக கால ஒடிக்கவா போட்டுருக்கீய கம்பு?"

நைட்டி. மேலே ஒரு துண்டு. கையில் குழம்புக் கரண்டி. மரிசெல் ஓடி வந்துகொண்டிருந்தார். கருப்பசாமிகள் கம்பைக் கீழே போட்டுவிட்டார்கள். மேளம் நின்றுவிட்டது. சீனாக்காரிக்குச் சீன மொழிதான் வரும் என்று பதிமூன்று வருஷமாக நம்பியிருந்த ஊர், நல்ல பசுவந்தனைத் தமிழில் ஏச்சு வாங்கி வாய் பிளந்து உட்கார்ந்திருந்தது.

மரிசெல் கரண்டியை முன்வரிசையில் இருந்த தலைவர் கையில் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். அப்புறம் குனிந்து, தரையில் கையாலேயே தட்டிக் காட்டினார். "ரெண்டு தட்டு. அப்புறம் ஒண்ணு. அவசரப்படாதீய. நான் சொல்லுத வரைக்கும் இப்படியே தட்டணும்."

கருப்பசாமிகள் தட்டினார்கள். மரிசெல் நைட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டுக் கேட்டு, இன்னொரு தட்டுக் கேட்டு, உள்ளே இறங்கினார். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. அந்தக் கால்கள் தரையில் பட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. எதிரில் மகள். இருவரும் கம்புக்குள் வந்து, விலகி, இடம் மாறி, சுற்றி வந்தார்கள். அப்புறம்தான், அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான், மேளம் மெதுவாகக் கூடச் சேர்ந்தது. யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. தலைவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கரண்டியும் கையுமாக எழுந்து, மேலே பார்த்து, "என்னம்மா, ஒண்ணையும் காணுமே?" என்றார்.

பின்னால் இருந்து ஒரு அம்மா குடையால் அவர் முதுகில் தட்டியது. "மழை வரும்போது வரும்வே. மறைக்காம உக்காரும். ஏ மரிசெல் மதினி! மறுக்கா ஒரு ஆட்டம் போடு! எம்பேத்தி பாக்கலயாம்!"

அதைக் கேட்டு இன்னும் நாலு பேர், "மரிசெல் மதினி, மறுக்கா!" என்று கத்தினார்கள். அப்புறம் அந்த வரிசை முழுக்கக் கத்தியது. மரிசெல் சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டு, "அடுப்புல கொழம்பு கெடக்கு, ஒண்ணே ஒண்ணுதான்" என்று மறுபடி கம்புக்குள் இறங்கினார்.

மகளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கப்பல். தோள் குலுங்கியது. அவள் அழுகிற சத்தம் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று, கம்புச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.